டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை: அந்த அக்கா பார்த்த வேலை

கேள்வி கேட்டிருப்பவர் பி.காம். முடித்த ஒரு பெண். சில வருடங்களுக்கு முன்பு அவருடைய தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்திருக்கிறார்கள். தம்பி இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான். அந்த நாட்களில் வார்டில் ஒரு அக்கா வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசுவாராம், காப்பீட்டுக் காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பாராம், தம்பிக்கு ஊசி போடும்போது கூடவே நிற்பாராம். "அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அந்த வேலைக்கு என்ன பெயர், என்ன படிக்க வேண்டும்? பி.காம். படித்த நான் போக முடியுமா? வீட்டில் 'அதெல்லாம் சேவை, வேலை இல்லை' என்கிறார்கள்." இதுதான் கேள்வி.

போக முடியும். அந்த அக்கா அநேகமாக மருத்துவ சமூகப் பணியாளர். நானும் அதே வேலையில்தான் 17 வருடமாக இருக்கிறேன், குழந்தைகள் புற்றுநோய் வார்டில். ஆனால் அந்தப் பெயரில் எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. பெற்றோருக்கு நாங்கள் "கவுன்சிலர் மேடம்", சில சமயம் "இன்சூரன்ஸ் மேடம்". பிள்ளைகளுக்கு நான் "பொம்மை அக்கா". ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஆறுதல் சொல்கிற வேலை மாதிரி தெரியும். ஆறுதலும் உண்டு, ஆனால் அது கொஞ்சம்தான். சிகிச்சை பாதியில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

உங்கள் தம்பிக்கு வந்தது போன்ற ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு வருடத்துக்கும் மேல் சிகிச்சை நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். முதல் சில மாதங்கள் பயங்கரம். அடிக்கடி அட்மிஷன், காய்ச்சல், ரத்தம் ஏற்றுவது, பிளேட்லெட்டுக்கு ஆள் தேடுவது. அப்போது யாரும் ஓடிப்போக மாட்டார்கள், பயமே பிடித்து வைத்திருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. தினமும் வீட்டில் மாத்திரை, அவ்வப்போது ஆஸ்பத்திரி என்கிற கட்டம் வரும்போது பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டிருக்கும், சைக்கிள் ஓட்டுவான். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மேடம் இன்னும் மருந்து?" என்று அப்பா கேட்பார். கையில் காசு தீர்ந்திருக்கும், வேலை போயிருக்கும், ஊரில் யாரோ ஒருவர் மூலிகை வைத்தியரின் முகவரியைக் கொடுத்திருப்பார். அந்த மாதத்தில்தான் குடும்பங்கள் நழுவும். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம், திரும்பி வந்தால் முதல் தடவை போல எளிதில் அடங்காது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். ஏழை நாடுகளில் அந்த எண் மிகக் குறைவு, அதற்கான காரணங்களில் ஒன்றாகப் பாதியில் விட்ட சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்று 2018-இல் அது இலக்கு வைத்தது. பெரிய மாநாடுகளில் பேசுகிற அந்த 60, எங்கள் வார்டில் ஒரு பேருந்துக் கட்டணத்தில் வந்து நிற்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி. நான்கு வயதுப் பையன், மலையடிவாரக் கிராமம், அப்பா கட்டட வேலை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்தால் செலவில் பெரும்பகுதி தீரும். குடும்ப அட்டையைக் கேட்டேன். அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா இருக்கிறார்கள். அம்மாவும் இல்லை, பையனும் இல்லை. விசாரித்தால், அம்மாவின் பெயர் இன்னும் அவருடைய தாய் வீட்டு அட்டையில் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம், நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா பெயர் ஏறாததால் பிள்ளை பெயரையும் ஏற்றவில்லை. பிள்ளையின் பெயர் அட்டையில் இல்லாவிட்டால் திட்டத்தில் அவன் கிடையாது.

டாக்டர் ஒரு பக்கம் "நாளைக்கு கீமோ ஆரம்பிக்கணும்" என்கிறார். இங்கே முதலில் தாய் வீட்டு அட்டையில் பெயர் நீக்க வேண்டும், பிறகு கணவன் வீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும், பிள்ளைக்கு ஆதார் எடுக்க வேண்டும், விஏஓவிடம் தொடங்கி வருமானச் சான்று வாங்க வேண்டும், கடைசியாகக் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் புகைப்படம் எடுக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி. அம்மா பிள்ளையை விட்டு நகர முடியாது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வாரம் நான் செய்தது இவ்வளவுதான்: வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஏழெட்டு போன். டாக்டரிடம் ஒரு கடிதம், "உயிர்காக்கும் சிகிச்சை, அவசரம்" என்று அவர் கையால் எழுதி, சீல் வைத்து. அதைக் கொடுத்து அப்பாவைத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு அனுப்பினேன். யாரிடம் கொடுக்க வேண்டும், என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பினேன். அட்டை வரும்வரை ஓடுவதற்கு ஆஸ்பத்திரி நிதியிலிருந்து கொஞ்சம். இரண்டு வாரத்தில் முடிந்தது.

இதில் மனநல ஆலோசனை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இரண்டு வாரமும் அந்த அம்மா என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். காகிதம் நடுவில் இருந்ததால் பேசினார். "உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்று நான் எதிரே உட்கார்ந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ ஜெராக்ஸ் அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "நான் கர்ப்பமா இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போனேனாம். அதான் இப்படின்னு அத்தை சொல்றாங்க." பல அம்மாக்கள் இந்த மாதிரி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டுதான் வார்டுக்குள் வருகிறார்கள். குலதெய்வக் குறை, ஜாதகம், பால் சரியாகக் கொடுக்கவில்லை, ஏதாவது ஒன்று. "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று நான் சொன்னால் அது என்னோடு நின்றுவிடும். அதனால் மாமியாரை வரவழைத்தேன். பெரிய டாக்டர் அறையில் அவரையும் உட்கார வைத்து, "இது யார் செஞ்ச தப்பாலயும் வர்றதில்லை, பாட்டி" என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்தேன். ஐந்து நிமிடப் பேச்சு. அடுத்த வாரம் அந்தப் பாட்டிதான் மருமகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்.

நான் சறுக்கிய கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒன்பது வயதுப் பெண் குழந்தை, வர வேண்டிய தேதிக்கு வரவில்லை. கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு போன் நம்பர். அது அணைந்து கிடந்தது. மூன்று வாரம் தினமும் அடித்தேன். அந்த நம்பர் அவர்களுடையதே இல்லை, அட்மிஷன் அன்று உடன் வந்த யாரோ ஒரு உறவுக்காரருடையது என்று பிற்பாடு தெரிந்தது. குழந்தை எட்டு மாதம் கழித்து வந்தாள். அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று நம்பர் வாங்குகிறேன். ஒன்று அவர்களுடையது, ஒன்று நெருங்கிய சொந்தம், மூன்றாவது ஊரில் இருந்து நகராத ஒரு ஆள். மளிகைக் கடைக்காரர், சத்துணவு டீச்சர், ரேஷன் கடைக்காரர், யாராவது. சிம் கார்டை மாற்றுவார்கள், மளிகைக் கடை அங்கேயேதான் இருக்கும்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். என் மேஜை இழுப்பறையில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது, பெயர் மீனாட்சி. இடது கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய், ஒட்டியிருக்கும். முதுகில் எக்கச்சக்கமான ஓட்டை, ஏனென்றால் முதுகுத் தண்டில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் மீனாட்சிக்குப் போட்டிருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சு, பஞ்சு, பிளாஸ்டர் எல்லாம் கொடுத்துவிட்டு நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி பொம்மையைக் குப்புறப் படுக்க வைத்து, கழுத்தை அமுக்கிக்கொண்டு, "அசையாத! அசைஞ்சா அம்மாவ வெளிய அனுப்பிருவோம்!" என்று மிரட்டினாள். அவளுக்கு முந்தைய ஊசியின்போது யாரோ சொன்ன வார்த்தை அது. அவள் பயந்தது ஊசிக்கு இல்லை, அம்மாவை அனுப்பிவிடுவார்களே என்பதற்கு. அன்றைக்கே டாக்டரிடமும் சிஸ்டரிடமும் பேசி, அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீம் தடவினோம். ஊசி போடும் நேரத்தில் சோப்புக் குமிழி ஊதச் சொன்னோம், ஊதும்போது மூச்சு நீளும், உடம்பு தளரும். அழுதாள், ஆனால் உதைக்கவில்லை.

"வலிக்காது" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் இரண்டு வருடத்துக்கு உங்கள் வார்த்தை செல்லாது. "எறும்பு கடிக்கிற மாதிரி" என்பதும் எனக்குப் பிடிக்காது. சில பிள்ளைகளுக்கு எறும்புதான் பெரிய பயம்.

இந்தப் பொம்மை வேலை வெளிநாட்டில் ஒரு தனித் தொழில். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே படித்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், 'சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர். எம்மா பிளாங்க் என்ற ஆசிரியை 1955-இல் கிளீவ்லாந்து நகரத்து ஆஸ்பத்திரியில் தொடங்கிய திட்டம் அதன் முன்னோடிகளில் ஒன்று. பிரிட்டனில் 'பிளே ஸ்பெஷலிஸ்ட்' என்பார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் பெற்றோரை வார்டுக்குள் விட மாட்டார்கள், வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்கலாம். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையை அப்படியே படம் பிடித்துக் காட்டினார். 1959-இல் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளின் நலன் பற்றி பிளாட் என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றாக வேண்டும் என்று அது சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஆஸ்பத்திரிகள் முந்திக்கொண்டன. நம்மூரில் அம்மா பெஞ்சுக்குக் கீழே பாய் விரித்தாவது பிள்ளையோடுதான் இருப்பாள். ஆனால் அந்தத் தொழில் மட்டும் இங்கே வேரூன்றவில்லை. ஒரு சில தனியார் ஆஸ்பத்திரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் இருக்கிறார்கள், மற்ற இடங்களில் என்னைப் போன்றவர்களும் சில நல்ல சிஸ்டர்களும் சேர்த்துச் செய்கிறோம். அதற்கென்று மட்டும் படித்துவிட்டு இங்கே வேலை தேடினால் கஷ்டப்படுவீர்கள்.

மருத்துவ சமூகப் பணி அப்படியில்லை, அது நூறு வருடத்துக்கும் மேல் பழைய தொழில். 1905-இல் பாஸ்டனில் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர், தான் எழுதிக் கொடுக்கிற மருந்து நோயாளியின் வீட்டு நிலைமையில் தோற்றுப்போகிறது என்று கண்டு, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதற்கு ஆள் வைத்தார். இந்தியாவில் 1946-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளரை நியமித்தார்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் மருத்துவ சமூகப் பணியாளரும் மனநல சமூகப் பணியாளரும் பட்டியலில் இருக்கிறார்கள். வீட்டில் "சேவை" என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

படிப்பு: எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், இரண்டு வருடம். எந்த இளங்கலைப் பட்டமும் போதும், பி.காம். உட்பட. சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-இலிருந்து இருக்கிறது, லயோலாவிலும் ஸ்டெல்லா மாரிஸிலும் உண்டு. கோவையில் பிஎஸ்ஜி, திருச்சியில் பிஷப் ஹீபர், மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி. மாநிலத்துக்கு வெளியே என்றால் 1936-இல் தொடங்கிய மும்பை டாட்டா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ். சேரும்போது மருத்துவ, மனநலப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, களப்பணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே உங்களைக் கவனிக்க ஒரு அனுபவமுள்ள ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். எங்களிடம் வருகிற மாணவர்களில் பாதிப் பேர் கையெழுத்து வாங்க வருகிறார்கள். மீதிப் பேர்தான் பிற்பாடு வேலைக்கு வருகிறார்கள். அஞ்சல் வழியில் படிக்கலாமா என்றால், இந்த வேலைக்கு நான் வேண்டாம் என்பேன்.

மூன்று மாதத்தில் "கவுன்சிலிங் டிப்ளமா", பத்து நாளில் "சைல்டு தெரபிஸ்ட்" என்று விளம்பரம் வரும். காசை வீணாக்காதீர்கள். உளவியல் பக்கம் போக ஆசை என்றால் அது நீளமான பாதை, பி.காம். முடித்தவர் உளவியலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் வாசலாக இருந்த எம்.ஃபில். படிப்பு இப்போது வேறு வடிவத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, எனவே நீங்கள் சேரும் வருடத்தில் கவுன்சில் அங்கீகரித்த பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரி வார்டு மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பொறுமை அதிகம், சின்ன முன்னேற்றத்தில் சந்தோஷப்படுவீர்கள் என்றால் வளர்ச்சி தாமதமான குழந்தைகளோடு வேலை செய்யலாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று வந்தது. பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் சிறப்புக் கல்விப் படிப்புகள் உண்டு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறது. சென்னையில் வித்யாசாகர் 1985-இலிருந்து இயங்குகிறது. இந்தத் துறையில் என்னை ஆச்சரியப்படுத்துகிறவர்கள், தன் பிள்ளைக்காக வகுப்புக்கு வெளியே காத்திருந்து, பிறகு தானே படித்து ஆசிரியையான அம்மாக்கள். ஆட்டிசம் குறித்து விழிப்பு கூடியிருப்பதால், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் இப்போது நல்ல கிராக்கி. ஆனால் அவை இரண்டுக்கும் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும், உங்களுக்கு அந்த வழி கஷ்டம்.

நோயைவிடக் குடும்பத்துக்குள் நடக்கும் வேறு கஷ்டங்களில் பிள்ளைக்குத் துணை நிற்க விருப்பம் என்றால், குழந்தைகள் பாதுகாப்புத் துறை இருக்கிறது. பிள்ளைகளுக்கான 1098 உதவித் தொலைபேசி 1996-இல் மும்பையில் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் பிறந்தது, இப்போது அரசே நடத்துகிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு, ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்தான்), சமூகப் பணியாளர் என்று பணியிடங்கள் வரும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்து வழக்குகளில் பிள்ளை காவல் நிலையம், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று போகும்போது முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருக்க ஒரு ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், 2020 விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. மிக மிகத் தேவையான வேலை, ஆள் போதவில்லை. மனம் கெட்டியாக இருக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகர்களைப் பார்த்திருப்பீர்கள். எச்ஐவியோடு பிறந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "நீ தினமும் ஏன் மாத்திரை சாப்பிடுகிறாய்" என்பதைச் சொல்ல வேண்டிய நாள் வரும். அந்தப் பேச்சை நன்றாக நடத்துகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் பாதித் தொழிலைக் கற்றேன். அப்புறம் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கள். மூளைச்சாவு அடைந்த பிள்ளையின் பெற்றோரிடம் பேசுவது அவர்கள் வேலை. அதைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, ஒரு நாள்கூட என்னால் முடியாது.

வலி தணிப்பு சிகிச்சை தனி உலகம். பிள்ளைகளுக்கென்றே முதல் ஹாஸ்பிஸ், அதாவது குணமாக வாய்ப்பில்லாதவர்களைப் பராமரிக்கும் இல்லம், 1982-இல் ஆக்ஸ்போர்டில் ஹெலன் ஹவுஸ் என்ற பெயரில் வந்தது. நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய இயக்கம்தான் இந்தியாவுக்கே வழிகாட்டி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய்ச் செய்யும் வலி தணிப்பும் பிசியோதெரபியும் அடக்கம். புற்றுநோய் மட்டும் இல்லை, தசைச் சிதைவு நோய், கடுமையான மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளும் இதில் வருவார்கள். இதில் நர்ஸ்களின் பங்குதான் பெரிது. சமூகப் பணியாளர் போய்ச் செய்ய வேண்டியது, பெரும்பாலும், வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட, நோயில்லாத இன்னொரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிப்பது. நீங்கள் அந்த இன்னொரு பிள்ளையாக இருந்தவர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சம்பளம். பொய் சொல்ல மாட்டேன். நான் சேர்ந்தபோது மாதம் 7,000 ரூபாய். இப்போது புதிதாக எம்.எஸ்.டபிள்யூ. முடித்து வருகிறவர்கள் தொண்டு நிறுவனங்களில் 15,000 முதல் 20,000 வரை, பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தொடங்குவதைப் பார்க்கிறேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கமும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் போடுகிற வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். விளம்பரம் அந்தந்த மாவட்ட இணையதளத்தில் வரும், பத்து நாள்தான் அவகாசம் இருக்கும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தர அரசு வேலை வேண்டும் என்றால் டிஎன்பிஎஸ்சி வழியாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் போன்ற பதவிகளுக்குப் போகலாம், ஆனால் இடங்கள் குறைவு. வெளிநாட்டு நிதியில் ஓடுகிற நிறுவனம் என்றால், திட்டம் எத்தனை வருடத்துக்கு என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கே ஒரு தடவை மார்ச் மாதத்தோடு வேலை நின்றது, ஜூலை வரை வீட்டில் இருந்தேன்.

இறப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வார்டில் பிள்ளைகள் குணமாகிப் போகிறார்கள், சிலர் போவதில்லை. முதல் வருடம் ஒவ்வொரு பிள்ளையின் சாவுக்கும் ஊருக்குப் போய் வந்தேன். எங்கள் சிஸ்டர் ஒருவர் சொன்னார், "நீ அங்க அழறப்ப இங்க பெட் நம்பர் ஆறுல இருக்கற அம்மா உன்னத் தேடறா." அதன் பிறகு போவதைக் குறைத்துக்கொண்டேன். பதிலுக்கு, ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்வேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அந்த வீடு காலியாகும். "சாப்பிட்டீங்களா" என்று கேட்பேன். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவேன், ஏனென்றால் ஊரில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மணிக்கு மேல் வார்டு விஷயமாக போன் எடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு தடவை மீறுகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நோயைப் பார்த்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நிறைய. அது பலம்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் தம்பி வயதில், அதே நோயோடு, அதே வார்டில் ஒரு பையன் வரும்போது உங்கள் கை நடுங்கும். அவனுக்கு நோய் திரும்பி வந்தால் இரவு தூக்கம் வராது. அதனால் எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்வதற்கு முன் மூன்று மாதம் எங்காவது தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்குத் தங்க இடம் கொடுக்கும் இல்லங்கள் இருக்கின்றன. 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட்ஸ் அப்படி ஒன்று, சென்னையிலும் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகலாம். தொடர்ந்து பன்னிரண்டு சனிக்கிழமை தவறாமல் உங்களால் போக முடிகிறதா என்று பாருங்கள். நான் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். உருகி உருகிப் பேசிவிட்டு நான்காவது வாரம் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, பி.காம். படித்ததற்காகக் கூச்சப்படாதீர்கள். எங்கள் துறையில் பட்ஜெட் போடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பிள்ளையின் சிகிச்சைக்கு காப்பீட்டிலிருந்து எவ்வளவு, ஆஸ்பத்திரி நிதியிலிருந்து எவ்வளவு, ரயில் சலுகை போகக் கைக்காசு எவ்வளவு என்று ஒரே தாளில் போட்டுக் காட்டினால் பாதி அப்பாக்களின் பயம் அங்கேயே இறங்கிவிடும். அந்த ரயில் சலுகையையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும் தள்ளுபடி, உடன் போகிறவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தை எந்த மேஜையில் தருவார்கள் என்று தெரியாமலேயே எத்தனையோ பேர் பேருந்தில் நின்றுகொண்டு வருகிறார்கள்.

வீட்டில் பேசும்போதும் அதே மாதிரி ஒரு தாள் போடுங்கள். இரண்டு வருடப் படிப்புச் செலவு, தொடக்கச் சம்பளம், ஐந்து வருடத்தில் என்ன கிடைக்கும், ஒப்பந்தம் முடிந்தால் என்ன செய்வீர்கள், எல்லாம் எழுதி அப்பாவின் முன்னால் வையுங்கள். 'சேவை' என்ற வார்த்தையை நீங்களாக எடுக்காதீர்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டரை வருடம் வார்டில் இருந்தது அவர்தான், அந்த அக்கா என்ன வேலை பார்த்தார் என்று அவருக்குத் தெரியும்.